அண்டை வீட்டுப் பெயர் கொண்ட பூச்சிகள்

சமையலறையில் விளக்கைப் போட்டதும் சிதறி ஓடும் சிறிய பழுப்பு நிறக் கரப்பானுக்கு ஜெர்மன் மொழியில் 'ருஷ்யன்' என்றொரு வழக்குப் பெயர் உண்டு. அதே பூச்சியை ருஷ்யர்கள் 'புருஸாக்' என்கிறார்கள்; பிரஷ்யாக்காரன் என்று பொருள். இருவருக்கும் நடுவராக வந்தவர்போல, ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ் 1767இல் அதற்கு 'ஜெர்மானியக் கரப்பான்' என்று அறிவியல் பெயர் சூட்டி வழக்கை முடித்துவைத்தார். அவரே 1758இல் நம் வீட்டுச் சாக்கடைகளில் வாழும் பெரிய செங்கரப்பானுக்கு 'அமெரிக்க' அடைமொழி கொடுத்திருந்தார். அந்தப் பூச்சியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடந்த பிறகுதான் அது அமெரிக்கப் பிரஜை ஆயிற்று.

வீட்டுப் பூச்சிகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது இதுதான். எந்த நாட்டிலும் எந்தப் பூச்சியும் உள்ளூரில் பிறந்ததாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. அது எப்போதும் அடுத்த தெருவிலிருந்து, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, எதிரி நாட்டிலிருந்து, கப்பலில் வந்து இறங்கிய கூலிக்காரனின் மூட்டையிலிருந்து வந்தது. நாங்கள் தமிழ்நாட்டிலும், பின்னர் நெடுங்காலம் அயல்நாட்டிலும் குடித்தனம் நடத்தியவர்கள். இரண்டு இடத்திலும் இந்தப் பூச்சிகளோடு பழக நேர்ந்தது. கடித்ததை மறந்துவிட்டோம். "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கப்பட்ட விதத்தை மறக்க முடியவில்லை. அந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

ஜெர்மானியக் கரப்பானைப் பற்றிய உண்மை 2024இல்தான் தெளிவாயிற்று. ஆறு கண்டங்களில் 17 நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட 281 கரப்பான்களின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று அவ்வாண்டு வெளியானது. அதன்படி, ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் வாழ்ந்த ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து, மனிதக் குடியிருப்புகளோடு ஒட்டிக்கொண்ட கிளை அது. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவுக்கும், சுமார் 390 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பியக் கம்பெனிகளின் வணிகக் கப்பல்கள் கீழைக் கடல்களில் ஓடத் தொடங்கிய காலத்தில், கிழக்கு நாடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. மிளகும் துணியும் ஏற்றிச் சென்றவர்கள் கூடவே அதையும் ஏற்றிச் சென்றார்கள் என்று கொள்ளலாம். ருஷ்யனும் இல்லை, பிரஷ்யனும் இல்லை. வங்கக் கடல் பக்கத்து ஆள்! இந்தச் செய்தியைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, சற்று அச்சமும் வந்தது. சிரிப்பின் காரணம் வெளிப்படை. அச்சத்தின் காரணம் போகப் போகத் தெரியும்.

*

கரப்பானைவிட வயதிலும் நெருக்கத்திலும் மூத்தது மூட்டைப்பூச்சி. அதன் மூதாதையர் வௌவால்களைக் கடித்துப் பின்னர் குகையில் ஒதுங்கிய மனிதனைக் கடிக்கப் பழகினார்கள் என்பது நெடுநாள் நிலவிய கருத்து. மனிதனிடம் வந்த வழியைப் பொறுத்தவரை அது இன்றும் நிற்கிறது. ஆனால் மூட்டைப்பூச்சிக் குடும்பம் வௌவால்களைவிடவும் பழையது, பதினோரு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று 2019இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. டைனோசர்கள் உலவிய காலம் அது. யாரைக் கடித்து உயிர்வாழ்ந்தன என்பது வேறு கேள்வி. மனிதன் ஊர் கட்டி, நகரம் கட்டி நெருக்கமாக வாழத் தொடங்கியபோது அவனோடு சேர்ந்த கிளை பெருகியது என்பதை 2025இல் வெளியான மற்றோர் ஆய்வும் எடுத்துரைத்தது. நாகரிகம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதன் முதல் நாளிலிருந்தே உடன்வருகிற உயிர் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

எகிப்தில் அமர்னா என்னுமிடத்தில், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் தொழிலாளர்கள் வாழ்ந்த குடியிருப்பை அகழ்ந்தவர்கள் மூட்டைப்பூச்சியின் எச்சங்களைக் கண்டெடுத்தார்கள். ஃபாரோக்களின் பொன்னும் கிடைத்தது, அவர்களுக்காக உழைத்தவர்களின் படுக்கைப் பூச்சியும் கிடைத்தது. வரலாற்றுக்கு இரண்டும் சான்றுகளே.

கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோபனிஸ் கி.மு. 423இல் அரங்கேற்றிய 'மேகங்கள்' நாடகத்தில் ஒரு காட்சி வருகிறது. சாக்ரடீஸின் பள்ளியில் படுக்கையில் கிடந்து சிந்திக்குமாறு பணிக்கப்பட்ட கிழவன், மூட்டைப்பூச்சி கடி தாங்காமல் அலறுகிறான். கிரேக்கத்தில் மூட்டைப்பூச்சிக்குக் 'கோரிஸ்' என்று பெயர். கிழவனோ கொரிந்து நகரத்தார் தன்னைக் கடிப்பதாகக் கத்துகிறான். ஏதென்ஸுக்கும் கொரிந்துக்கும் அப்போது போர். அவையோர் சிரித்திருப்பார்கள். நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய மூட்டைப்பூச்சி நகைச்சுவைகளில் ஒன்றிலேயே பூச்சி எதிரி நாட்டுக்காரனாகிவிட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். (அதே 'கோரிஸ்' என்ற சொல்லிலிருந்துதான் கொத்துமல்லியின் ஐரோப்பியப் பெயர் வந்தது என்றொரு கருத்தும் உண்டு. நசுக்கப்பட்ட மூட்டைப்பூச்சியின் வாடையையும் மல்லித்தழையின் வாசனையையும் தருபவை ஒரே வகை வேதிப்பொருள்கள். ரசத்தில் மல்லித்தழை கிள்ளிப் போடும் நம் வீட்டார் இதைக் கேட்க விரும்பமாட்டார்கள்!)

நம் வீடுகளில் இதற்கு இலக்கியத் தகுதி ஏதும் இல்லாவிட்டாலும் குடும்ப உறுப்பினர் தகுதி இருந்தது. எங்கள் பால்ய காலத்து வீடுகளில் கட்டிலின் கால்மூட்டுகள், பிரம்பு நாற்காலியின் பின்னல், சுவர்க் கடிகாரத்தின் பின்புறம், சாமி படச் சட்டத்தின் இடுக்கு எல்லாம் அவற்றின் பேட்டைகள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலை முற்றத்துக்குத் தூக்கிவந்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, சந்துகளில் கோழி இறகால் மண்ணெண்ணெய் தடவி, மெத்தையை வெயிலில் போட்டுத் தடியால் அடிப்பார்கள். தரையில் விழுந்து ஓடுபவற்றைத் தேய்ப்பது சிறுவர்களின் பணி. டூரிங் டாக்கீஸில் இடைவேளையின்போது எழுந்து நின்று பெஞ்சைத் தட்டுவது படம் பார்ப்பதன் ஒரு பகுதி. பேருந்தில், ரயிலில், கல்யாண மண்டபத்து ஜமக்காளத்தில், ஆஸ்பத்திரிப் படுக்கையில், அரசு அலுவலகக் காத்திருப்புப் பெஞ்சில் என்று அது இல்லாத இடமில்லை. எல்லார் வீட்டிலும் இருந்ததால் யார் வீட்டிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு வேலை குறைவாக இருந்தது. ஆனால் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. விருந்தினர் ஊருக்குப் போன பிறகு அவர் படுத்த பாயை மட்டும் தனியே உதறும் வழக்கத்தையும், இன்ன தெருக்காரர் உட்கார்ந்த பெஞ்சை மட்டும் கழுவிவிடும் வழக்கத்தையும் நாம் அறிவோம். அங்கே உதறப்பட்டதும் கழுவப்பட்டதும் பூச்சி மட்டுமல்ல.

*

இங்கிலாந்துக்கு இந்தப் பூச்சி சற்றுப் பிந்திப் பரவியது போலும். 1583இல் லண்டனை அடுத்த மோர்ட்லேக்கில் இரண்டு சீமாட்டிகள் உடம்பில் தடிப்புகளைக் கண்டு கொள்ளைநோய் வந்துவிட்டதென்று நடுங்கி மருத்துவரை அழைத்தார்கள். வந்து பார்த்த தாமஸ் பென்னி அது மூட்டைப்பூச்சிக் கடி என்று கண்டு சிரித்தாராம். தாமஸ் மஃபெட்டின் பெயரில் 1634இல் லத்தீனில் வெளியான பூச்சி நூல் இதைப் பதிவுசெய்கிறது. அதற்கு முந்தைய ஆங்கிலத்தில் இன்று பூச்சியைக் குறிக்கும் 'பக்' என்ற சொல்லுக்குப் பேய், பூச்சாண்டி என்றே பொருள். 1535இல் வெளியான கவர்டேல் விவிலியத்தின் 91ஆம் சங்கீதத்தில் இரவின் பயங்கரத்தைக் குறிக்க இச்சொல்லே வருகிறது. பிற்காலத்தார் அதைப் 'பூச்சி விவிலியம்' என்று வேடிக்கையாக அழைத்தார்கள். இரவில் வந்து உறக்கத்தைக் கெடுக்கும் பேயின் பெயர் பூச்சிக்கு வந்து சேர்ந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

1730இல் ஜான் சவுத்தால் என்பவர் லண்டனில் மூட்டைப்பூச்சிக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். ஜமைக்காவுக்குப் போயிருந்தபோது, விடுதலை பெற்ற முதிய கறுப்பின அடிமை ஒருவர் தமக்குப் பூச்சிக்கொல்லித் திரவம் ஒன்றின் செய்முறையைச் சொல்லிக்கொடுத்ததாக அவர் எழுதுகிறார். அந்தத் திரவத்துக்கு 'ஈடிணையற்றது' என்று பொருள்படும் பெயரிட்டு லண்டனில் விற்றார். சொல்லிக்கொடுத்தவரின் பெயர் நூலில் இல்லை. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் லண்டனைத் திரும்பக் கட்டுவதற்கு அயல்நாட்டிலிருந்து இறக்குமதியான மரங்களோடுதான் மூட்டைப்பூச்சி வந்தது என்ற கதையும் அந்நூலில் இருக்கிறது. ஆக, பூச்சியும் அயல்நாட்டுச் சரக்கு. மருந்தும் அயல்நாட்டுச் சரக்கு. முன்னதை உரக்கச் சொன்னார்கள். பின்னதை விலைக்கு விற்றார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனின் எளிய மக்களைப் பேட்டி கண்டு எழுதிய ஹென்றி மேஹ்யூ, அரச குடும்பத்துக்கே மூட்டைப்பூச்சி ஒழிப்பவரான டிஃபின் என்பவரைச் சந்திக்கிறார். தம் குடும்பம் பல தலைமுறையாக இத்தொழிலில் இருப்பதாகவும், மேட்டுக்குடியினர் வீடுகளுக்கு மட்டுமே தாம் செல்வதாகவும் டிஃபின் பெருமையோடு சொல்கிறார். இளவரசி ஒருவரின் கட்டிலில் பூச்சி பிடித்துக் காட்டிய கதையும் அதில் உண்டு. தாமஸ் கார்லைலின் மனைவி ஜேன் கார்லைல் 1843இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில், பணிப்பெண்ணின் கட்டிலில் பூச்சியைக் கண்டதும் சமையலறைத் தரையில் இருபது வாளி தண்ணீர் கொட்டி, கட்டிலைப் பிரித்துத் தொட்டியில் போட்டு, பின் தோட்டத்தில் இரண்டு நாள் ஊறவைத்த போரை விரிவாக வர்ணிக்கிறார். கணவர் எழுதிய பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றின் வேகம் அக்கடிதத்திலும் உண்டு. முதலில் பூச்சி தென்பட்டது பணிப்பெண்ணின் கட்டிலில். பின்னாளில் சீமாட்டியின் கட்டிலும் தப்பவில்லை. இதற்கெல்லாம் முடிவு காணவே மரக்கட்டிலுக்குப் பதில் இரும்புக் கட்டில் ஐரோப்பிய வீடுகளில் நுழைந்தது. நம் ஊர் மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் கிடக்கும் இரும்புக் கட்டிலுக்கு இப்படி ஒரு பூர்வகதை இருக்கிறது.

*

பூச்சியின்மேல் பொய்வழக்கும் போடப்பட்டதுண்டு. அது நம் சென்னையில் நடந்தது என்பதால் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். கருங்காய்ச்சல் எனப்படும் காலா அஸார் நோயின் கிருமியை 1903இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவனும், இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மனும் தனித்தனியே கண்டறிந்தார்கள். இருவர் பெயரையும் இணைத்துக் கிருமிக்குப் பெயர் சூட்டப்பட்டது. கிருமி தெரிந்துவிட்டது, அதைச் சுமந்து பரப்புவது எது என்பது அடுத்த கேள்வி. ஏழைக் குடிசைகளில் நோய் இருந்தது, அங்கே மூட்டைப்பூச்சியும் இருந்தது. 1907இல் சென்னையில் பணியாற்றிய டபிள்யூ. எஸ். பேட்டன் என்னும் ராணுவ மருத்துவர், மூட்டைப்பூச்சியின் வயிற்றில் அக்கிருமி வளர்வதைக் கண்டு, நோயைப் பரப்புவது இதுவே என்று முன்மொழிந்தார். ஆண்டுக்கணக்கில் ஆராய்ச்சி இந்தத் தடத்தில் ஓடியது. கடைசியில் குற்றவாளி மணல் ஈ என்னும் நுண்ணிய பூச்சி என்பதை 1942இல் ஸ்வாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர், தாமாக முன்வந்த மனிதர்களிடம் நடத்திய சோதனையில் நிரூபித்தார்கள்.

மூட்டைப்பூச்சி இன்றுவரை மனிதரிடையே எந்த நோயையும் இயல்பான வாழ்வில் பரப்புவதாக உறுதிசெய்யப்படவில்லை. அரிப்பு, தடிப்பு, தூக்கமின்மை, மன உளைச்சல் என்பவை உண்டு. ஆனால் கொசு செய்வதில் நூறில் ஒரு பங்கு கொலைகூட அது செய்ததில்லை. ஆயினும் கொசுக்கடி பட்டவர் அதை ஊருக்கெல்லாம் சொல்கிறார். மூட்டைப்பூச்சிக் கடி பட்டவர் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொள்கிறார். நோயைவிட வெட்கம் பெரிதாக இருப்பது ஏன்? கொசு வெளியிலிருந்து பறந்து வருகிறது. யாரையும் குறைசொல்ல வேண்டியதில்லை. மூட்டைப்பூச்சிக்குச் சிறகில்லை. அதை யாரோ தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். அந்த 'யாரோ'வைத் தேடும் வேலை அங்கே தொடங்கிவிடுகிறது.

*

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மூட்டைப்பூச்சியின் கதை முடிந்துவிட்டதென்றே உலகம் நம்பியது. 1874இல் உருவாக்கப்பட்டு மறக்கப்பட்டிருந்த டி.டி.டி. என்னும் வேதிப்பொருளுக்குப் பூச்சியைக் கொல்லும் ஆற்றல் இருப்பதை ஸ்விட்சர்லாந்தின் பால் முல்லர் 1939இல் கண்டறிந்தார். 1948இல் நோபல் பரிசு பெற்றார். சுவரில் ஒருமுறை தெளித்தால் மாதக்கணக்கில் வேலைசெய்தது. இந்தியாவில் 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, தெளிப்பான் சுமந்த பணியாளர்கள் கிராமம் கிராமமாக வந்து வீட்டுச் சுவர்களை வெள்ளையாக்கிச் சென்றார்கள். மக்கள் கதவைத் திறந்துவிட்டதற்கு மலேரியா பற்றிய அச்சம் மட்டும் காரணமில்லை. மருந்தடித்தால் மூட்டைப்பூச்சி சாகிறது என்பதும் உலகின் பல பகுதிகளில் வரவேற்புக்குக் காரணமாக இருந்தது.

ஆனால் 1947ஆம் ஆண்டே ஹவாயியின் பேர்ல் ஹார்பர் படைவீரர் குடியிருப்பில் டி.டி.டி.க்கு மசியாத மூட்டைப்பூச்சிகள் தென்பட்டுவிட்டன. சில ஆண்டுகளில் வெப்ப நாடுகளிலும் அதே நிலை. மருந்தடித்தும் பூச்சி சாகவில்லை என்றதும் பல இடங்களில் மக்கள் கதவைச் சாத்தினார்கள். மலேரியாத் திட்டம் அதனால் இடறியது. அரசின் கணக்கேட்டில் கொசுவுக்கு எதிரான போர். குடிசையின் கணக்கில் மூட்டைப்பூச்சிக்கு எதிரான போர். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை.

அடுத்து வந்தவை சிறு குப்பிகளில் விற்கப்பட்ட கடுமையான மருந்துகள். நம் நாட்டில் 'மூட்டைப்பூச்சி மருந்து' என்ற சொல்லை நாளிதழ்களில் நாம் படித்ததெல்லாம் பெரும்பாலும் வேறோர் அவலச் செய்தியின் பகுதியாகத்தான். பூச்சிக்கென்று வாங்கி அலமாரியில் வைத்தது வீட்டின் மிகத் துயரமான மனிதரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எத்தனை குடும்பங்களில் அந்தக் குப்பியின் நினைவு இன்னும் பேசப்படாமல் இருக்கிறதோ! பூச்சி ஒழிப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்து எழுத வேண்டும்.

மேலை நாடுகளில் 1950களுக்குப் பின் ஏறத்தாழ இரண்டு தலைமுறை மூட்டைப்பூச்சியைக் கண்ணால் பார்க்காமலே வளர்ந்தது. 1990களின் இறுதியில் அது திரும்பிவந்தது. விமானப் பயணம் பெருகியது, பழைய பொருள் சந்தை பெருகியது என்று காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, பைரித்ராய்டு வகை மருந்துகள் தாக்க வேண்டிய நரம்புப் புரதத்திலேயே மாறுதல் கொண்ட பூச்சிகள் பெருகிவிட்டிருந்தன. 2009இல் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமை மூட்டைப்பூச்சிக்கென்றே ஒரு தேசிய மாநாட்டைக் கூட்டியது. 2010இல் நியூயார்க் நகரில், வாடகைக்கு வருபவரிடம் அந்த வீட்டின் கடந்த ஓராண்டு மூட்டைப்பூச்சி வரலாற்றை எழுத்தில் தரவேண்டும் என்று சட்டமே வந்தது.

*

நாங்கள் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் ஒரு நகரில் அடுக்ககம் ஒன்றில் குடியிருந்தது அந்த நாள்களில்தான். படுக்கை விரிப்பில் சிறிய ரத்தப் பொட்டுகளைக் கண்டதும், மெத்தையின் ஓரத் தையலில் மிளகுத்தூள் தூவியதுபோன்ற கரும்புள்ளிகளைக் கண்டதும், எங்களுக்கு ஐயமே எழவில்லை. பழைய முகம்! இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, எட்டாயிரம் மைலுக்கு அப்பால்.

அடுக்கக நிர்வாகத்துக்கு எழுதினோம். பதில் கடிதத்தில் மருந்தடிக்கும் நாளுக்கு முன்பாக ஒரு கேள்வி இருந்தது. அண்மையில் தாயகம் சென்று வந்தீர்களா, அங்கிருந்து விருந்தினர் எவரும் வந்து தங்கினார்களா என்று. கேள்வி நாகரிகமாகத்தான் இருந்தது. ஆனால் அதே மாடியில் குடியிருந்த, தாயகம் அமெரிக்காவேயான மற்றவர்களிடம் அது கேட்கப்படவில்லை என்பது பின்னர் தெரிந்தது. நாங்கள் பயணம் போய் இரண்டாண்டாகியிருந்தது.

மருந்தடிக்க வந்தவர் நரைத்த மீசையும் கழுத்தில் தொங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாக இருந்தார். நெடுங்காலம் இத்தொழிலில் இருப்பவர். ஒன்றைப் பிடித்து ஒட்டுத்தாளில் வைத்து நெடுநேரம் பார்த்தார். மூட்டைப்பூச்சியில் மனிதரை நாடும் இனங்கள் முக்கியமாக இரண்டு உண்டு. குளிர்நாடுகளில் பரவியிருப்பது ஒன்று. தென்னிந்தியா போன்ற வெப்ப நிலங்களில் மிகுந்திருப்பது மற்றொன்று. தலைக்குப் பின்னால் கழுத்துப்பட்டைபோல இருக்கும் பகுதி முன்னதில் அகன்று விரிந்திருக்கும், பின்னதில் குறுகியிருக்கும். "இது இந்த ஊர்க்காரன்" என்றார் அவர். இரண்டு வீடு தள்ளி, சுவரின் மின்கம்பிக் குழாய் வழியே இணைந்திருந்த வீட்டில் பல மாதங்களாக அது குடியிருந்ததையும் அவரே கண்டுபிடித்தார்.

நாங்கள் விடுதலையானோம். ஆனால் அந்த விடுதலையில் எங்களுக்கு மகிழ்ச்சி இல்லை. அந்த இரண்டாவது வீட்டில் தனியே வாழ்ந்த மூதாட்டி, யாரிடமாவது சொன்னால் வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி, மாதக்கணக்கில் கடிபட்டுக்கொண்டே வாய்திறவாமல் இருந்திருக்கிறார். கழுத்துப்பட்டை குறுகலாக இருந்திருந்தால் நாங்கள் குற்றவாளிகள், அகன்றிருந்ததால் அவர். எங்களிடமிருந்து இறங்கிய சுமை அவர்மேல் ஏறியது, அவ்வளவுதான்.

ஒழிப்பு முறை எங்களுக்கு வியப்பளித்தது. பெரிய வெப்ப ஊதிகளைக் கொண்டுவந்து வீட்டை ஐம்பது டிகிரி செல்சியசுக்கு மேல் மணிக்கணக்கில் காய்ச்சினார்கள். முட்டையோடு சேர்த்து எல்லாம் மடியும். துணிகளை உலர்த்தி இயந்திரத்தின் உச்சச் சூட்டில் அரைமணி சுழலவிடச் சொன்னார்கள். கொதிநீர்ச் செம்போடு முற்றத்தில் நின்ற பாட்டிமார்கள் அறிந்திருந்ததும் இதுதானே! மருந்துகள் வந்து, தோற்று, போன பிறகு மிஞ்சியிருப்பது சூடு. பால்கன் நாடுகளின் பழைய வீடுகளில் இரவில் கட்டிலைச் சுற்றி அவரைக் குடும்பத்துச் செடியின் இலைகளைப் பரப்பிவைப்பார்களாம். காலையில் பூச்சிகளோடு சேர்த்துக் கூட்டி எரிப்பார்கள். அந்த இலையிலுள்ள கொக்கி வடிவ நுண்மயிர்கள் பூச்சியின் காலைத் துளைத்துச் சிறைப்பிடிக்கின்றன என்பதை 2013இல் ஓர் ஆய்வு விளக்கியது.

அவ்வாண்டு நவராத்திரிக்கு நாங்கள் யாரையும் அழைக்கவில்லை. காரணத்தையும் சொல்லவில்லை. நெடுநாள் கழித்துப் பேச்சுவாக்கில் சொன்னபோது, எதிரே அமர்ந்திருந்த நண்பர் குடும்பம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அவர்களுக்கும் அதே ஆண்டு; அவர்களும் சொல்லவில்லை. பூச்சியின் மிகப் பெரிய பாதுகாப்பு அதன் தட்டையான உடம்பன்று, நம்முடைய மௌனம் என்று அன்று தோன்றியது.

*

2023இல் பாரிஸ் நகரம் மூட்டைப்பூச்சி பீதியில் ஆழ்ந்தபோது, தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் இதற்கும் குடியேறிகளுக்கும் தொடர்பிருக்கிறதா என்று கேட்கப்பட்டு, கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதே ஆண்டு பிரெஞ்சு அரசின் சுகாதார முகமை வெளியிட்ட அறிக்கையோ, 2017க்கும் 2022க்கும் இடையில் பிரான்சின் நூற்றுக்குப் பதினோரு வீடுகளில் பூச்சி இருந்தது என்றும், குடும்பத்தின் வருமானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் கூறியிருந்தது. வருமானம் தீர்மானிப்பது பூச்சி வருவதை அல்ல, அதைத் துரத்த முடிவதை. வெப்ப ஊதிக்குப் பணம் கொடுக்க இயன்றவர் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறார். இயலாதவர் அதோடு வாழ்கிறார், பின்னர் அதன் பெயராலேயே அறியப்படுகிறார்.

பூச்சியிலிருந்து மனிதனுக்குத் தாவுவது சொல்லுக்கு எளிது. 1917 ஜனவரியில் மெக்ஸிகோவிலிருந்து அமெரிக்காவின் எல் பாஸோ நகருக்கு நாள்தோறும் வேலைக்கு வந்துபோன தொழிலாளர்களை, பேன் ஒழிப்பு என்று பாலத்தருகே ஆடை களைந்து குளிக்கவைத்தார்கள். கார்மெலிதா டோரெஸ் என்ற பதினேழு வயதுப் பணிப்பெண் மறுத்தார், கலகம் மூண்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்கள் மண்டபம் தடுப்பு முகாமில் நாள்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டு நோய்ச் சோதனைக்கு உட்பட்ட பின்பே கப்பலேறினார்கள். பல்லாண்டு கழித்து அதே மண்டபம் ஈழத்திலிருந்து வந்த அகதிகளின் முகாமாயிற்று. பிரிட்டனில் 1930களில் சேரிகளிலிருந்து புதிய அரசுக் குடியிருப்புக்கு மாறியவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை ஹைட்ரஜன் சயனைடு வாயுவில் வைத்த பிறகே உள்ளே அனுமதித்தார்கள். அந்த வாயுவை அடிப்படையாகக் கொண்டு 1920களில் ஜெர்மனியில் மூட்டைப்பூச்சிக்கும் பேனுக்கும் எதிராக விற்கப்பட்ட மருந்தின் பெயர் ஸைக்ளான் பி. யூதர்களைப் பூச்சிகள் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் பழகிய ஆட்சி, 1941இல் ஆஷ்விட்ஸில் அந்த மருந்தை மனிதர்மேல் பயன்படுத்தத் தொடங்கியது. 1994இல் ருவாண்டாவில் வானொலி துட்ஸி மக்களைக் 'கரப்பான்' என்றே அழைத்தது. அதற்குப் பின் நடந்ததை உலகம் அறியும்.

ஜெர்மானியக் கரப்பான் வங்கக் கடல் பக்கத்திலிருந்து போனது என்ற செய்தியைப் படித்து நாங்கள் ஏன் அஞ்சினோம் என்பது இப்போது விளங்கும். ஆய்வு சொல்வது பூச்சியின் வழித்தடத்தை. கேட்பவர்கள் அதை மனிதனின் வழித்தடமாக மாற்றிக்கொள்ள அதிக நேரம் ஆகாது.

பஞ்சதந்திரத்தில் ஒரு கதை உண்டு. நாம் எல்லாரும் பள்ளிப் பருவத்தில் கேட்டது. அரசனின் படுக்கையில் மந்தவிசர்ப்பிணி என்னும் சீலைப்பேன் பதுங்கி நெடுநாள் வாழ்கிறது. அக்கினிமுகன் என்னும் மூட்டைப்பூச்சி விருந்தாளியாக வந்து இடம் கேட்கிறது. அரசன் நன்றாக உறங்கிய பின்னரே கடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பேன் இடம் கொடுக்கிறது. பூச்சி பொறுமையிழந்து உடனே கடிக்க, அரசன் துள்ளி எழ, பூச்சி கட்டில் இடுக்கில் ஒளிந்துகொள்ள, ஆட்கள் தேடியபோது அகப்பட்டது பேன். குணம் அறியாதவனுக்கு இடம் கொடுக்காதே என்பது நீதி.

நீதியை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதைச் சொல்பவன் யார் என்பதை மறந்துவிட்டோம். சொல்பவன் தமனகன் என்னும் நரி. கேட்பவன் பிங்களகன் என்னும் சிங்கராஜன். வணிகக் கூட்டத்தால் காட்டில் கைவிடப்பட்டு, வேற்று நிலத்தில் தனியே பிழைத்து, சிங்கத்தின் நட்பைப் பெற்ற சஞ்சீவகன் என்னும் எருதின்மேல் அரசனுக்கு ஐயம் மூட்டுவதற்காகவே நரி இந்தப் பூச்சிக் கதையை எடுத்துச் சொல்கிறான். எருது எந்தத் தீங்கும் எண்ணவில்லை. கதை வேலைசெய்தது. சிங்கம் எருதைக் கொன்றது.

மூட்டைப்பூச்சி இன்னும் நெடுங்காலம் நம்மோடு இருக்கும். வெந்நீருக்கும் வெப்ப ஊதிக்கும் அவ்வப்போது பணிந்து, மீண்டும் வரும். அது எங்கிருந்து வந்தது என்று யாரேனும் கதை சொல்லத் தொடங்கும்போது, கதைக்கு முன்னால் கதைசொல்லியின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.